கூட்டுச் சந்தாவும் கரையோர வாசகனும்: ஒரு விமர்சன நோக்கு

ஒரு பல்கலைக்கழகத்தின் பெருமையை அதன் மண்டபங்களைக் கொண்டு அளவிடுவோர் பலர். அது ஆண்டுதோறும் வெளியேற்றும் பட்டதாரிகளின் தொகையைக் கொண்டு அளவிடுவோரும் உளர். ஆயின், ஆய்வுலகிலே செல்லுபடியாகும் அளவுகோல் பிறிதொன்றாகும். தனது துறையிலே சென்ற ஆண்டு உலகின் எப்பகுதியிலேனும் எழுதப்பட்ட ஒரு கட்டுரையை அப்பல்கலைக்கழக மாணவனொருவன் வாசிக்க விரும்பினால், அது அவனது கைக்கு வந்து சேருமா என்பதே அவ்வளவுகோல். நூல் பெரும்பாலும் முடிந்த முடிபுகளைத் தொகுத்துரைக்கின்றது; ஆய்விதழோ நிகழ்ந்துகொண்டிருக்கும் வாதத்தை நமக்கு அறிவிக்கின்றது. வாதம் முடிந்த பின்னரே செய்தி எட்டுமாயின், அவ்வாதத்திலே நாம் ஒருபோதும் பங்குகொள்ள முடியாது.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தைப் பொறுத்தவரை இவ்வினா இன்னும் கூர்மையானது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என அடுத்தடுத்துச் செல்லும் இவ்வூர்களில் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே மொழியைப் பேசி வாழ்கின்றனர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக 1943இல் அமர்ந்த சுவாமி விபுலானந்தர் 1892இல் பிறந்தது காரைதீவிலேயாகும். எனினும், இக்கரையில் ஒரு பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு அதன்பின் அரை நூற்றாண்டு கழிந்தது. போர்க்கால நெருக்கடியால் கிழக்குப் பல்கலைக்கழகத்திலே கல்வியைத் தொடரவியலாது போன மாணவர்க்கு மாற்றிடம் தேடவேண்டிய நிலையில், 1995இல் ஒலுவிலை மையமாகக் கொண்டு பல்கலைக்கழகக் கல்லூரி அமைந்தது. 1996இல் அது தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பேராதனையிலும் கொழும்பிலும் பல தசாப்தங்களாகச் சேர்ந்த ஆய்விதழ்த் தொகுதிகள் ஒலுவிலுக்கு வாய்க்கவில்லை. பிந்திப் பிறந்த பிள்ளைக்கு முதுசொம் இல்லை.

இப்பின்னணியில், ஆய்விதழ்களுக்குத் தனித்தனி நூலகங்கள் சந்தா செலுத்துவதை விடுத்து நாடு முழுவதும் ஒன்றாக நின்று செலுத்தும் கூட்டுச் சந்தா முறையை ஆராய்வது பயனுடையது. அம்முறை வேண்டற்பாலதே. ஆயின் அதன் பெயரால் எதை வாங்குகிறோம், யாருக்காக வாங்குகிறோம், வாங்கியபின் நம்மிடம் எஞ்சுவது யாது என்ற மூன்று வினாக்களை எழுப்பாது அதனை வரவேற்பது விமர்சனமாகாது.

1. கூட்டுச் சந்தா தோன்றிய சூழல்

ஆய்விதழ் ஒரு விசித்திரமான பண்டம். அதனை எழுதுபவருக்கு வெளியீட்டாளர் கூலி கொடுப்பதில்லை. அதன் தரத்தை மதிப்பிடும் சக அறிஞரும் பெரும்பாலும் ஊதியமின்றியே உழைக்கின்றார். அவ்விருவருக்கும் சம்பளம் வழங்குவது பெரும்பாலும் பொதுமக்களின் வரிப்பணமே. அவ்வாறு விளைந்த பண்டத்தை அதே பல்கலைக்கழகத்தின் நூலகம் மீண்டும் விலைகொடுத்து வாங்கவேண்டியுள்ளது. கல்முனைச் சந்தையிலே அரிசி விலை ஏறினால் அக்கரைப்பற்றிலே வாங்கலாம். ஆயின் ஓர் இதழில் வந்த கட்டுரைக்குப் பதிலாக வேறோர் இதழின் கட்டுரையை வாங்கிப் பயனில்லை. போட்டியற்ற இச்சந்தையில் விலையை விற்பவரே நிர்ணயிப்பதில் வியப்பொன்றுமில்லை. எல்செவியர் போன்ற பெரும் வெளியீட்டு நிறுவனங்களின் இலாபவீதம் 30 சதவீதத்திற்கும் மேற்பட்டதாக இருந்து வருவது இதன் விளைவேயாகும். உலகின் செல்வம் மிக்க பல்கலைக்கழகங்களுள் ஒன்றான ஹார்வார்டின் ஆலோசனைக் குழுவே 2012இல், ஆண்டுக்கு ஏறத்தாழ 37 இலட்சத்து 50 ஆயிரம் டொலராக உயர்ந்துவிட்ட இதழ்ச் செலவு இனியும் தாங்கவொண்ணாதது எனத் தன் ஆசிரியர்களுக்கு அறிவித்தது. ஹார்வார்டின் நிலை அதுவாயின் ஒலுவிலின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

1990களில் ஆய்விதழ்கள் மின்வடிவம் பெற்றதும் வாங்குவோர் ஒன்றுகூடும் வாய்ப்புப் பிறந்தது. பிரித்தானியாவின் உயர்கல்வி நிதியளிப்பு மன்றம் 1996இல் அக்கடமிக் பிரஸ் முதலிய வெளியீட்டாளர்களுடன் நாடளாவிய உடன்பாடுகளைச் செய்தது. பிரேசில் 2000ஆம் ஆண்டில் அரச செலவில் ஒரு பொது வாயிலைத் திறந்தது. இவ்வரிசையில் அண்மையதும் பெரியதும் இந்தியாவின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற திட்டமாகும். 2024 நவம்பரில் இந்திய மத்திய அமைச்சரவை இதற்கு அங்கீகாரம் வழங்கியது. 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு இந்திய ரூபா 6,000 கோடி, 30 வெளியீட்டாளர்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கு மேற்பட்ட நிறுவனங்கள், அவற்றிலே 1 கோடி 80 இலட்சம் வரையிலான மாணவரும் ஆசிரியரும் ஆய்வாளரும். பங்கிட்டு நோக்கின் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,100 இந்திய ரூபா வருகின்றது. சென்னையிலுள்ள பேர்பெற்ற தொழில்நுட்பக் கழகத்தின் மாணவனும் திருநெல்வேலியின் ஓர் அரசினர் கல்லூரி மாணவியும் ஒரே இதழை ஒரே நாளில் வாசிக்கலாம் என்பது சிறு சாதனையன்று.

இச்சமத்துவமே கூட்டுச் சந்தாவின் தலையாய நியாயமாகும். முதுசொம் இல்லாத புதிய பல்கலைக்கழகத்திற்கு அது பேராதனைக்கு நிகரான அலுமாரியை ஒரே நாளில் அளிக்கின்றது. சிறு நூலகம் தனித்து நின்று பேரம்பேசுமாயின் வெளியீட்டாளரின் விலைப்பட்டியலே அதற்கு வேதவாக்காகும். நாடு பேரம்பேசுமாயின் நிலைமை வேறாகும்.

2. கொடையும் உரிமையும்

இலங்கையின் அனுபவம் பெரும்பாலும் கொடையின் அனுபவமாகவே இருந்து வந்துள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2002இல் ஆரம்பித்த ‘ஹினாரி’, உணவு விவசாய நிறுவனம் 2003இல் ஆரம்பித்த ‘அகோரா’ ஆகியன வறிய நாடுகளின் நிறுவனங்களுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ இதழ்களைத் திறந்துவிட்டன. பிரித்தானியாவைத் தளமாகக் கொண்ட இனாஸ்ப் நிறுவனத்தின் ‘பெரி’ திட்டத்திலும் இலங்கை பங்குபெற்றது. நமது பல்கலைக்கழக நூலகங்கள் தம்முட் கூடிச் சில தரவுத்தளங்களுக்குச் சந்தா செலுத்தும் முயற்சிகளும் நடைபெற்றுள்ளன. இவற்றின் பயனைக் குறைத்து மதிப்பிடுவது நன்றியறிதலுக்கு மாறானதாகும். பல முதுமாணி ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகள் இவ்வுதவிக்குச் சான்று பகர்வன.

எனினும் கொடையின் இயல்பு யாது? கொடுத்த கையே எடுக்கவும் வல்லது. 2011 ஜனவரியில் ஹினாரியின் வாயிலாகப் பங்களாதேசம் பெற்றுவந்த ஆயிரக்கணக்கான இதழ்களைச் சில பெரும் வெளியீட்டாளர்கள் திடீரென விலக்கிக்கொண்டனர். அந்நாடு இனி விலைகொடுத்து வாங்கவல்ல சந்தை என்பது அவர்களின் கணிப்பு. உலகெங்கும் எழுந்த கண்டனத்தின் பின்னரே வாயில் மீண்டும் திறக்கப்பட்டது. டாக்காவின் மருத்துவர் அவ்வாரங்களிலே கற்ற பாடம் நமக்கும் உரியது.

கொடையை விடுத்து விலைக்கு வாங்குவோம் எனின், டொலர் வழிமறிக்கின்றது. 2022 ஏப்ரலில் இலங்கை தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. வெளியீட்டாளர் விலையை ஒரு சதமேனும் உயர்த்தாத போதும், அதே சந்தாவுக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு ரூபா தேவைப்பட்டது என்பதே இதன் பொருள். மருந்துக்கும் எரிபொருளுக்கும் அந்நியச் செலாவணி தேடிய நாட்டிலே ஆய்விதழுக்காகக் குரல்கொடுக்கத் துணிபவர் யார்? ஆகவே கூட்டுச் சந்தா ஒருமுறை கையொப்பமிட்டதும் தீர்ந்துவிடும் விடயமன்று. ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பிடிக்கவேண்டிய பொதுச் செலவு அது.

3. வாசகன் யார்?

முதலாவது விமர்சனத்துக்கு வருவோம். ‘நாடு’ என்ற சொல் இத்திட்டங்களில் எதைக் குறிக்கின்றது? இந்தியத் திட்டத்தின் முதற்கட்டம் அரச நிர்வாகத்திலுள்ள உயர்கல்வி நிறுவனங்களையும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களையுமே உள்ளடக்கியது. அந்நிறுவனங்களுக்கு வெளியேயுள்ள ஆய்வாளனுக்கு அதிலே இடமில்லை. நமது நாட்டிலும் பல்கலைக்கழக வலையமைப்புக்குள் நிற்பவனே வாசகனாகக் கணிக்கப்படுகின்றான். பட்டம் பெற்று வெளியேறும் நாளிலே மாணவனின் கடவுச்சொல்லும் காலாவதியாகின்றது. கல்முனையிலே கற்பிக்கும் ஆசிரியர், அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியின் விரிவுரையாளர், ஓய்வுபெற்ற அதிபராக இருந்து ஊர் வரலாறு எழுதும் முதியவர் ஆகியோர் இந்த ‘நாட்டில்’ அடங்குவதில்லை.

இதனால் விளையும் முரண்பாடு எத்தகையது என்பதற்கு இக்கரையோரமே தக்க சான்றாகும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1960களின் இறுதியிலிருந்து அக்கரைப்பற்றிலே களஆய்வு செய்தவர். இப்பிரதேசத்தின் குடிமரபு, தாய்வழி முறை, சீதனமாக வீடு வழங்கும் வழக்கம் ஆகியன பற்றி அவர் எழுதியவை இத்துறையில் இன்றியமையாதவை. இலங்கை முஸ்லிம்களின் இன அடையாளம் குறித்த அவரது விரிவான கட்டுரை 1998இல் இந்தியச் சமூகவியல் ஆய்விதழொன்றில் வெளிவந்தது. அக்கரைப்பற்றின் சமயமும் அரசியலும் வன்முறையும் பற்றி பார்ட் கிளெம் எழுதிய கட்டுரை 2011இல் அமெரிக்காவின் ஆசியவியல் ஆய்விதழிலே வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியற் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் பெனடிக்ற் கோர்வுடன் இணைந்து கிழக்கிலங்கை முஸ்லிம்களைப் பற்றி எழுதிய கட்டுரை 2013இல் இலண்டனின் புவியியல் இதழொன்றிலே இடம்பெற்றது. இவ்விதழ்கள் யாவும் சந்தாவை அடிப்படையாகக் கொண்டவை. பேட்டி கொடுத்தவர் ஊரவர். தகவல் தந்தவர் ஊரவர். தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்பதை வாசிக்கும் வழியின்றி நிற்பவரும் அவ்வூரவரே. எழுதியது சரியா பிழையா என மறுத்துரைக்கும் உரிமை வாசித்தவனுக்கே உண்டு. வாசிக்கவியலாதவன் ஆய்வின் பொருளாக இருக்கலாம். ஆய்வின் பங்காளியாக இருக்க முடியாது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலையிலே இலங்கையில் மிகக் கூடிய உயிரிழப்புக்கு உள்ளான மாவட்டம் அம்பாறையாகும். ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் இங்கு மாண்டனர். மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் அந்நாளை மறக்கவில்லை. அதன் பின்னர் அலையின் உயரம், நிலத்தடி நீர் உவராதல், மீள்குடியேற்றம், உளப் பாதிப்பு என எத்தனையோ பொருள்கள் ஆராயப்பட்டன. கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் வீடு கட்டுவது என்பது ஒலுவில் மாணவனுக்கு ஆய்வுத் தலைப்பாகலாம். சாய்ந்தமருதுவின் மீனவனுக்கோ அது உயிர்ப் பிரச்சினை. அவனுக்காக வாதாடும் உள்ளூராட்சி மன்ற உறுப்பினரும் பள்ளிவாசல் நம்பிக்கையாளரும் ஊர்ச் சங்கச் செயலாளரும் அவ்வாய்வுகளை அணுக முடியாதிருப்பின், அவை யாருக்காக நடத்தப்பட்டன?

மாற்று வழி இல்லாமலில்லை. எகிப்து 2016இல் ஆரம்பித்த அறிவு வங்கி, பல்கலைக்கழகத்தாருக்கு மாத்திரமன்றி நாட்டின் பிரசைகள் அனைவருக்கும் பதிவின் பேரில் இதழ்களைத் திறந்துவிட்டது. நமது ஊர்களின் வாசிகசாலை மரபும் இதனையே செய்து வந்தது. ஊரவர் பணம் சேர்த்து ஒரு பத்திரிகை எடுப்பர். அதனை ஐம்பது பேர் வாசிப்பர். பணம் தராதவனை எழுப்பி அனுப்பும் வழக்கம் அங்கே இருந்ததில்லை.

4. எது ஆய்விதழ்?

இரண்டாவது விமர்சனம் உள்ளடக்கம் பற்றியது. பெரும் வெளியீட்டாளரின் தொகுதிகளிலே தமிழில் வெளிவரும் ஆய்விதழுக்கு இடம் கிடைப்பது மிக அரிது. ஆங்கிலத்திலே அமைந்த பல்லாயிரம் இதழ்களை நாடு முழுவதற்கும் வாங்கியபின்னும், தமிழிலக்கியத்தையோ கிழக்கிலங்கை நாட்டாரியலையோ ஆராயும் மாணவன் தனக்கு வேண்டிய மூலங்களிற் பெரும்பகுதியை அங்கே காணமாட்டான்.

ஈழத்துத் தமிழ்ச் சிந்தனையின் வரலாறு சஞ்சிகைகளின் வரலாற்றிலிருந்து பிரிக்கவியலாதது. 1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி மட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர் வெளியீட்டுக்கு ஓர் ஊக்கம் கிடைத்தது. அதற்கு முன்னரே கல்முனைப் பிரதேசம் தன் பங்கைச் செலுத்தத் தொடங்கிவிட்டது. நீலாவணன் ‘பாடும் மீன்’ இதழை நடத்தினார். எம்.ஏ. நுஃமான் 1969-70 காலப்பகுதியில் ‘கவிஞன்’ என்ற காலாண்டிதழை வெளியிட்டார். கல்முனையிலிருந்து இயங்கிய வாசகர் சங்கம் நூல்களைப் பதிப்பித்தது. வாசகர் எனத் தம்மை அழைத்துக்கொண்டோர் வெளியீட்டாளராகவும் மாறியமை நாம் மனங்கொள்ளவேண்டிய செய்தி. சில இதழ்களுடன் நின்றுபோன இம்முயற்சிகளை இன்று ஒருவர் பார்க்கவேண்டுமாயின் எந்தச் சந்தாவும் உதவாது. உதவுவது 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகமே. ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளுமாகப் பல்லாயிரம் ஆவணங்களை அது மின்வடிவில் சேர்த்து யாவருக்கும் இலவசமாக வழங்கி வருகின்றது. வெளிநாட்டு வெளியீட்டாளருக்குக் கோடிக்கணக்கிற் செலுத்தும் திட்டத்தில் இத்தகைய பணிக்கு ஒரு சிறு பங்கேனும் ஒதுக்கப்படாதாயின், அத்திட்டம் அறிவு என்பதற்குக் கொண்ட வரைவிலக்கணமே குறைபாடுடையது.

நமது இதழ்களிலும் குறையுண்டு என்பதை மறைத்தல் தகாது. ஒழுங்காக வெளிவராமை, கட்டுரைகளை உரிய அறிஞரைக் கொண்டு மதிப்பிடாமை, பதவியுயர்வுப் புள்ளிக்காக எழுதுதல் ஆகியன நாமறிந்த நோய்கள். 2008இல் இனாஸ்ப் நிறுவனத்தின் உதவியுடன் தொடங்கி, பின்னர் தேசிய விஞ்ஞான மன்றத்தின் பொறுப்புக்கு வந்த இலங்கை ஆய்விதழ்களின் இணையத்தளம், உள்நாட்டு இதழ்களை ஒரே இடத்தில் யாவரும் வாசிக்கச் செய்துள்ளது. பலர் வாசிக்கும் இடத்திலே தரமற்றது நெடுநாள் ஒளிந்திருக்க முடியாது. திறந்து வைத்தலும் ஒருவகை மதிப்பீடேயாகும்.

5. குத்தகையும் சொத்தும்

மூன்றாவது விமர்சனம் உடைமை பற்றியது. கடதாசி இதழுக்குச் சந்தா செலுத்திய நூலகம், சந்தாவை நிறுத்திய பின்னும் பழைய தொகுதிகளைத் தன் அலுமாரியில் வைத்திருந்தது. மின்னிதழுக்குச் சந்தா செலுத்தும் நூலகம் பெரும்பாலும் அணுகும் உரிமையையே வாங்குகின்றது. வயற்காணியைக் குத்தகைக்கு எடுத்தவன் எத்தனை போகம் செய்தாலும் காணி போடியாருக்கே உரியது. சந்தா முடியும் நாளில் நேற்று வாசித்த பழைய இதழும் மூடப்படலாம். ஆகவே செலுத்திய ஆண்டுகளுக்குரிய இதழ்களை நிரந்தரமாக அணுகும் உரிமை உடன்படிக்கையில் எழுதப்பட்டிருக்கின்றதா என்பதே முதலிற் கேட்கவேண்டிய கேள்வி.

கடதாசியே பாதுகாப்பானது எனக் கொள்வதும் பிழையாகும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாதனவும் இருந்தன. ஒரே இடத்தில் இருப்பது ஒரே நாளில் அழியலாம். மின்வடிவின் உண்மையான நன்மை, பிரதிகளைப் பல இடங்களிற் பேணும் வாய்ப்பாகும். அவ்வாய்ப்பை வெளியீட்டாளரிடம் மாத்திரம் ஒப்படைத்துவிட்டு, வாடகை கொடுத்து எட்டிப்பார்க்கும் நிலையை நாமே ஏற்றுக்கொள்வது அறிவுடைமையன்று.

6. செய்யத்தக்கன

இங்கு இரு ஆட்சேபங்கள் எழக்கூடும். இணையத்திலே எல்லாம் களவாகக் கிடைக்கும்போது சந்தா எதற்கு என்பது ஒன்று. 2011இல் தோன்றிய சை-ஹப் தளத்தை மாணவர் நாடுவதன் காரணம் யாவருக்கும் விளங்கும். ஆயின் அத்தளத்தை முடக்குமாறு 2025 ஓகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு நாட்டின் கல்வியை நீதிமன்றக் கட்டளையொன்றால் மூடப்படக்கூடிய வாயிலின்மீது கட்டியெழுப்ப முடியாது. திறந்த அணுக்கம் பரவிவரும் காலத்தில் சந்தாவே பழங்கதை என்பது மற்றொன்று. 2002ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் பிரகடனம் முதல் அவ்வியக்கம் ஈட்டிய வெற்றி பெரிது. எனினும் வாசகனிடம் வாங்கிய பணத்தை எழுத்தாளனிடம் வாங்கும் முறையொன்றும் அதன் நிழலிலே வளர்ந்துள்ளது. ‘நேச்சர்’ இதழ் தன் கட்டுரையொன்றைத் திறந்து வெளியிடுவதற்கு 2020இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. அத்தொகையின் முன்னே ஒலுவில் விரிவுரையாளர் வாசகனாக உள்ளே விடப்பட்டு, எழுத்தாளனாக வெளியே நிறுத்தப்படுகின்றார்.

ஆதலின் இலங்கைக்கு வேண்டப்படும் கூட்டுச் சந்தா சில நிபந்தனைகளைத் தன்னுட் கொண்டிருத்தல் வேண்டும். செலுத்தப்படும் விலை பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். மறைவிலே பேசப்படும் விலை விற்பவருக்கே நன்மை பயக்கும். பல்கலைக்கழக நூலகத்துக்குள் வரும் எவரும் அங்குள்ள கணினியில் இதழ்களை வாசிக்கலாம் என்ற விதி உடன்படிக்கையில் இடம்பெற வேண்டும். பல நாடுகளின் உடன்படிக்கைகளில் அது வழமையானதே. கல்முனை, அக்கரைப்பற்று முதலிய நகரங்களின் பொது நூலகங்களும் ஆதார வைத்தியசாலைகளும் கல்வியியற் கல்லூரிகளும் அதில் உள்ளடங்க வேண்டும். செலுத்திய ஆண்டுகளுக்கு நிரந்தர உரிமை வேண்டும். நமது அறிஞர் எழுதும் கட்டுரையின் கைப்பிரதியைத் தம் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்திலே வைக்கும் உரிமை பேணப்பட வேண்டும். மொத்தச் செலவில் ஒரு பங்கு தமிழ், சிங்கள ஆய்விதழ்களை மின்வடிவாக்குவதற்கும் தரமுயர்த்துவதற்கும் ஒதுக்கப்பட வேண்டும்.

இவற்றை அரசாங்கம் தானாக முன்வந்து செய்யும் என எதிர்பார்ப்பதற்கில்லை. கேட்பவர் இருந்தாற்றான் கொடுப்பவரும் இருப்பர். எத்தனை மாணவர் வேண்டிய கட்டுரை கிடையாது தலைப்பை மாற்றினர், எத்தனை விரிவுரையாளர் பழைய குறிப்பையே மீண்டும் படிப்பித்தனர் என்பதை நூலகங்களோடு சேர்ந்து கணக்கெடுப்பது தமிழ்ச் சங்கங்களும் மாணவர் அவைகளும் மேற்கொள்ளத்தக்க பணியாகும். சங்கங்கள் தம் ஆண்டிதழ்களின் பழைய தொகுதிகள் முழுவதையும் மின்வடிவாக்கி யாவரும் வாசிக்க விடுதல் அதனினும் எளிது. பிறர் கதவைத் திறக்குமாறு கோருவோர் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருத்தல் முறையாகும்.